ஒரே 24 மெகாபிக்சல், மூன்று தரநிலைகள்: கேமராக்கள் எங்கே பிரிகின்றன?

கேனான் நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆர்100 கேமராவும், 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆர்1 கேமராவும் ஏறத்தாழ 24 மெகாபிக்சல் படங்களையே எடுக்கின்றன. முதலாவது அந்நிறுவனத்தின் மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமராக்களின் வரிசையில் அடிப்படியில் இருப்பது. இரண்டாவது உச்சிப்படியில் இருப்பது. விலையில் இரண்டுக்கும் பத்து மடங்குக்கும் மேற்பட்ட இடைவெளி உண்டு. ஆனால் நல்ல பகல் வெளிச்சத்தில் அசையாமல் நிற்கும் ஒருவரை, ஒரே தரமான லென்ஸைப் பொருத்தி இரண்டிலும் எடுத்து, அந்தப் படங்களைக் கைப்பேசித் திரையில் அடுத்தடுத்துப் பார்த்தால், எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று சொல்ல முடியாமல் பழகிய கண்களும் தடுமாறும். அப்படியானால் கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்பது நியாயமான கேள்வி. ஒரு கேமரா எடுக்கக்கூடிய மிகச் சிறந்த படத்தை வைத்து இதற்கு விடை காண முடியாது. வெளிச்சம் குறையும்போதும், எதிரே இருப்பவர் ஓடும்போதும், மழை தூறும்போதும், ஒரே நாளில் மூவாயிரம் படங்கள் எடுக்க நேரும்போதும் அந்தக் கேமரா எத்தனை படங்களைக் கோட்டைவிடுகிறது என்பதில்தான் தொடக்கநிலை, இடைநிலை, தொழில்முறை என்ற பிரிவுகளின் பொருள் அடங்கியிருக்கிறது.

இந்தப் பிரிவுகளைத் தரநிர்ணய அமைப்பு எதுவும் வகுக்கவில்லை. நிறுவனங்கள் தாமாக வகுத்துக்கொண்டவை அவை. பெயரிடும் முறையிலேயே அவற்றை ஓரளவு படித்துவிடலாம். கேனானின் டிஎஸ்எல்ஆர் வரிசையில் (உள்ளே உள்ள கண்ணாடியின் வழியே காட்சியைக் காட்டும் முந்தைய வகை) எண்ணின் இலக்கங்கள் கூடக் கூடக் கேமராவின் படி இறங்கியது: 1டி, 5டி என்பவை மேலே, 80டி, 90டி என்பவை நடுவில், 800டி போன்றவை கீழே, 4000டி அதற்கும் கீழே. நிக்கானிலும் டி5, டி6 என ஒற்றை இலக்கம் உச்சியைக் குறித்தது. டி7000 வரிசை நடுவிலும் டி3000 வரிசை அடியிலும் நின்றன. சோனியின் பெயர்களில் இந்த ஒழுங்கு அவ்வளவு தெளிவாக இல்லை. அங்கே விலைப்பட்டியலைப் பார்ப்பதே எளிது.

தரநிலையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சென்சாரின், அதாவது ஒளியைப் படமாகப் பதிக்கும் சில்லின் அளவிலிருந்துதான் தொடங்குகிறது. ஃபுல் ஃப்ரேம் எனப்படுவது 36×24 மி.மீ., அதாவது பழைய 35 மி.மீ. பிலிம் சட்டத்தின் அளவு. ஏபிஎஸ்-சி எனப்படுவது ஏறத்தாழ 23.5×15.6 மி.மீ.; கேனானில் இன்னும் சற்றுச் சிறியது. பரப்பளவில் முன்னது பின்னதைப் போல 2.3 மடங்குக்கும் மேல் இருப்பதால், லென்ஸில் ஒளி புகும் துளையை ஒரே அளவில் (ஒரே எஃப் எண்ணில்) வைத்து ஒரே ஷட்டர் வேகத்தில் எடுத்தாலும் அது அத்தனை மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. ஒளிப்படக்காரர்களின் கணக்கில் இது ஒரு ஸ்டாப்பைவிடச் சற்று அதிகம்; ஒளி இரு மடங்காவதே ஒரு ஸ்டாப். மங்கிய அரங்கில் ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்வு அளவை 6400 வரை உயர்த்தி எடுத்த படத்தில் நிழல்கள் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றனவா, துணியின் நெசவு தெரிகிறதா என்பதை இந்த வேறுபாடு தீர்மானிக்கிறது. எனினும் சென்சார் அளவை மட்டும் தரநிலையின் அடையாளமாகக் கொள்ளும் காலம் கடந்துவிட்டது. 2019இல் வந்த கேனான் ஆர்பி ஃபுல் ஃப்ரேம் சென்சாரைத் தொடக்கநிலை வாங்குவோரின் எட்டுக்குள் கொண்டுவந்தது. மறுபுறம், ஃபுல் ஃப்ரேமில் நான்கில் ஒரு பங்கு பரப்பே கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாருடன் 2022இல் வந்த ஓஎம் சிஸ்டம் ஓஎம்-1, தூசி, நீர்த்தெறிப்பு ஆகியவற்றுக்கு எதிராக ஐபி53 என்ற சான்றளவைப் பெற்று, காட்டுயிர் ஒளிப்படக்காரர்களின் தொழிற்கருவியாக விளங்குகிறது.

அளவைவிட இன்று விலையைத் தீர்மானிப்பது சென்சாரின் வேகம். விளம்பரங்களில் இது பெரிதாகப் பேசப்படுவதில்லை என்பதால் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். சென்சார் தன்மீது விழுந்த பிம்பம் முழுவதையும் ஒரே நேரத்தில் படித்து எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. தொடக்கநிலை, இடைநிலைக் கேமராக்கள் பலவற்றில் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே ஒரு நொடியில் இருபதில் அல்லது முப்பதில் ஒரு பங்கு கழிந்துவிடுகிறது. மின்னணு ஷட்டரை வைத்துச் சத்தமின்றிப் படமெடுக்கும்போது அந்தச் சிறு இடைவெளிக்குள் பொருள் நகர்ந்தால், கோல்ஃப் மட்டை வில்லாக வளைந்தும், விரைந்து செல்லும் பேருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தும் பதிவாகும். இந்தக் குறையை மறைக்கத்தான் பெரும்பாலான கேமராக்களில் இன்னும் இயந்திர ஷட்டர் இருக்கிறது. சென்சாருக்குப் பின்னாலேயே நினைவகத்தை அடுக்கி ஒட்டிய அடுக்குச் சென்சார்கள் வந்த பிறகு நிலைமை மாறியது. 2017இல் வந்த சோனி ஏ9 இத்தகைய சென்சாரின் துணையுடன் நொடிக்கு 20 படங்களை, கண்ணை வைத்துப் பார்க்கும் காட்சிக்குழாய் இடையில் இருண்டுபோகாமல் எடுத்தது. 2021இல் வந்த நிக்கான் இசட்9 இயந்திர ஷட்டரையே முற்றிலும் கைவிட்டது. சோனி ஏ9-இன் மூன்றாம் பதிப்பு ஒரு படி மேலே போய், எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் பதிக்கும் குளோபல் ஷட்டரைக் கொண்டுவந்தது. அதில் நொடிக்கு 120 படங்கள் வரை எடுக்கலாம். ஆனால் இந்த வேகத்துக்கும் ஒரு விலை உண்டு. அந்தக் கேமராவின் அடிப்படை ஐஎஸ்ஓ, அதாவது படம் மிகத் தூய்மையாக வரும் அளவு, பல கேமராக்களில் உள்ளதைப் போல 100 அல்ல, 250. கேமராவை முக்காலியில் வைத்து நிலக்காட்சியை நிதானமாக எடுப்பவருக்கு அதன் பாதி விலையுள்ள கேமரா தூய்மையான படத்தைத் தரக்கூடும். உயர்ந்த படி என்பது எல்லா வகையிலும் உயர்ந்த படம் என்று பொருள்படாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சென்சார் வேகமாகக் கொடுத்தாலும், அதை வாங்கி அடுக்கி வைக்கக் கேமராவுக்குள் இடம் வேண்டும். எடுத்த படங்கள் மெமரி கார்டுக்குப் போவதற்கு முன் தங்கும் இடைநினைவகம் ஒரு தண்ணீர்த் தொட்டியைப் போன்றது: குழாய் கொட்டும் வேகம் அதிகமாகவும், வெளியேறும் துளை சிறியதாகவும் இருந்தால் தொட்டி சீக்கிரம் நிரம்பிவிடும். தொடக்கநிலைக் கேமராவில் ரா கோப்புகளாக (சென்சார் தந்த தரவை அப்படியே சேமிக்கும் பெரிய கோப்புகள்) தொடர்ந்து எடுத்தால் பத்துப் படங்களுக்குள்ளேயே வேகம் தளர்ந்து, பின்புறச் சிறு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதற்குள் பந்தயத்தில் ஓடியவர் எல்லைக்கோட்டைத் தாண்டிவிடுவார். 2020இல் வந்த கேனான் 1டி எக்ஸ் மூன்றாம் பதிப்பில், சிஎஃப் எக்ஸ்பிரஸ் என்ற அதிவேக கார்டு போட்டால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரா படங்களை இடைவிடாமல் எடுக்க முடிந்தது. பெட்டியின்மேல் அச்சிடப்படும் வேக எண்ணையும் கவனித்துப் படிக்க வேண்டும். ஆர்100 நொடிக்கு 6.5 படங்கள் எடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது ஃபோகஸைப் பூட்டி வைத்திருக்கும்போது மட்டுமே. நகரும் பொருளைப் பின்தொடரச் சொன்னால் அது 3.5 ஆகக் குறைகிறது. வேகமான தொடர்ப்படம் தேவைப்படுவதே நகரும் பொருளுக்குத்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், எந்த எண் நமக்கு உரியது என்பது விளங்கும்.

தானியங்கி ஃபோகஸைப் பொறுத்தவரை டிஎஸ்எல்ஆர் காலத்தில் படிநிலை வெளிப்படையாகவே தெரிந்தது. நிக்கானின் டி3500-இல் 11 ஃபோகஸ் புள்ளிகள், டி5-இல் 153. மிரர்லெஸ் வந்தபின் புள்ளிகளை எண்ணுவது பொருளற்றுப் போய்விட்டது. ஏனெனில் சென்சாரே ஃபோகஸ் பார்க்கிறது, அதன் பெரும்பகுதி ஃபோகஸ் பரப்பாகவே இருக்கிறது. கண்ணைக் கண்டறிந்து பற்றிக்கொள்ளும் திறன் இன்று அடிப்படிக் கேமராவிலும் உண்டு. வேறுபாடு நுட்பமான இடத்துக்கு நகர்ந்துவிட்டது: பற்றிய கண்ணின் குறுக்கே வேறொருவர் கடந்து போகும்போது கேமரா அவரிடம் தாவிவிடுகிறதா, அல்லது பொறுத்திருந்து பழைய முகத்திலேயே நிலைக்கிறதா? மனிதர் தவிரப் பறவை, விலங்கு, வண்டி ஆகியவற்றையும் அது இனங்காண்கிறதா? நொடிக்கு எத்தனை முறை ஃபோகஸைக் கணக்கிட்டுச் சரிசெய்கிறது? திருமணத்தில் மாலை மாற்றும் கணத்தில் பத்துப் படங்கள் எடுத்து அவற்றில் ஒன்பது கூர்மையாக இருப்பதற்கும், ஐந்து மட்டும் கூர்மையாக இருப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் பிறக்கிறது. வீட்டு ஆல்பத்துக்கு அந்த ஐந்தே தாராளம். கூலி வாங்கிக்கொண்டு எடுப்பவருக்கு, தவறிய ஐந்தில் எது இருந்தது என்பது கவலை.

கையில் பிடித்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் வேறுபாடுகளும் உண்டு. தொடக்கநிலைக் கேமராவில் பெரும்பாலும் சுழற்சக்கரம் ஒன்றுதான். முழுக் கைமுறையில் எடுக்கும்போது அந்தச் சக்கரம் ஷட்டர் வேகத்தை மாற்றும். துளையை மாற்ற வேண்டுமானால் கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே அதே சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். இடைநிலையில் ஆள்காட்டி விரலுக்கு ஒன்றும் கட்டைவிரலுக்கு ஒன்றுமாக இரண்டு சக்கரங்கள் இருக்கும். கண்ணைக் காட்சிக்குழாயிலிருந்து எடுக்காமலேயே இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றலாம். எழுதிக் காட்டும்போது அற்பமாகத் தோன்றும் இந்த ஒரு வசதியே, என் மதிப்பீட்டில், தொடக்கநிலையிலிருந்து இடைநிலைக்கு மாறுவதற்குப் போதுமான காரணம். தொழில்முறைக் கேமராவில் ஏறக்குறைய ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பொத்தான் இருக்கிறது. செங்குத்தாகப் பிடித்து எடுப்பதற்கென்று பலவற்றில் கீழ்ப்பகுதியில் இன்னொரு ஷட்டர் பொத்தானும் இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, தொடக்கநிலைக் கேமராவில் உள்ள சில வசதிகள் உச்சியில் காணாமல் போகின்றன. நிக்கானின் ஒற்றை இலக்கக் கேமராக்களில் உடலோடு சேர்ந்த ஃபிளாஷ் கிடையாது; குழந்தை, மலை, ஓட்டம் என்று படம் போட்ட காட்சித்தெரிவுகளும் கிடையாது. அந்த முடிவுகளை எடுக்கத் தெரிந்தவர்தான் அதை வாங்குவார் என்று நிறுவனம் கொள்கிறது.

உடலின் உறுதியைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. கீழ்ப்படியில் பிளாஸ்டிக், மேல்படியில் மெக்னீசியம் கலப்புலோகம். பொத்தான்களையும் மூடிகளையும் சுற்றி ரப்பர் அடைப்புகள். ஆர்100 பேட்டரியோடு சேர்த்து 356 கிராம், ஆர்1 1,115 கிராம் என்பதிலிருந்தே மீதியை ஊகிக்கலாம். ஷட்டர் எத்தனை முறை இயங்கும் என்று சோதிக்கப்பட்டது என்ற எண் இன்னும் பயனுள்ளது: டிஎஸ்எல்ஆர்களில் தொடக்கநிலைக்கு ஒரு லட்சம், நிக்கான் டி850 போன்றவற்றுக்கு 2 லட்சம், டி6-க்கு 4 லட்சம், 1டி எக்ஸ் மூன்றாம் பதிப்புக்கு 5 லட்சம். இது உத்தரவாதம் அல்ல. அந்த எண்ணுக்கு முன்பே பழுதானவையும், அதைப் பலமுறை தாண்டியும் ஓடுபவையும் உண்டு. ஆண்டுக்கு ஐயாயிரம் படங்கள் எடுப்பவருக்கு ஒரு லட்சம் என்பதே இருபது ஆண்டுகள்.

தொழில்முறை என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் தருபவை, படத்தோடு நேரடித் தொடர்பே இல்லாத சில வசதிகள். இரண்டு கார்டு இடங்கள் இருந்தால் ஒவ்வொரு படமும் எடுத்த நொடியிலேயே இரண்டு பிரதிகளாகப் பதிவாகும். ஒரு கார்டு பழுதானாலும் மறுபடி நடத்த முடியாத நிகழ்ச்சி தப்பிவிடும். 2018இல் நிக்கான் தன் இசட்6, இசட்7 கேமராக்களை ஒரே கார்டு இடத்துடன் வெளியிட்டபோது, மற்ற எல்லா வகையிலும் பாராட்டப்பட்ட அவை இந்த ஒரு காரணத்துக்காகவே கடுமையான விமரிசனத்துக்கு உள்ளாயின. 2020இல் வந்த இரண்டாம் பதிப்புகளில் இரண்டு இடங்கள் வந்துவிட்டன. உச்சிக் கேமராக்களின் பக்கவாட்டில் கணினி வலைக்கம்பியைச் செருகும் துளை இருக்கும். விளையாட்டரங்கின் ஓரத்தில் அமர்ந்திருப்பவர் எடுத்த படம், அவர் இடத்தைவிட்டு எழாமலேயே பத்திரிகை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்கிறது. பேட்டரியின் தாக்குப்பிடிப்பும் இதில் சேரும்: டி6 ஒரு முறை ஏற்றிய மின்சாரத்தில் 3,580 படங்கள் எடுக்கும் என்று மதிப்பிடப்பட்டது, தொடக்கநிலை மிரர்லெஸ் கேமராக்களோ சில நூறுகளில் நின்றுவிடுகின்றன. பதிவுபெற்ற தொழில்முறையாளர்களுக்கென்று கேனானும் நிக்கானும் நடத்தும் சேவைப் பிரிவுகள், ஒலிம்பிக் போன்ற இடங்களில் பழுதுபார்ப்பு முகாம் அமைத்து மாற்றுக் கேமராவையும் லென்ஸையும் இரவல் தருகின்றன. அந்த ஏற்பாட்டின் செலவும் உச்சிக் கேமராவின் விலைக்குள் எங்கோ மறைந்திருக்கிறது.

இதுவரை சொன்னவை உண்மையாகவே செலவு பிடிப்பவை. ஆனால் எல்லா வேறுபாடும் அப்படிப்பட்டதல்ல. 2003இல் கேனான் வெளியிட்ட 300டி, அதே ஆண்டின் இடைநிலைக் கேமராவான 10டி-இல் இருந்த அதே 6.3 மெகாபிக்சல் சென்சாரைக் கொண்டிருந்தது. ஆனால் ஃபிளாஷின் ஒளியளவைக் கூட்டிக் குறைப்பது, ஷட்டர் விழுமுன் கண்ணாடியை உயர்த்தி நிறுத்துவது போன்ற வசதிகள் அதில் இல்லை. வெளியார் சிலர் அதன் உள்மென்பொருளை மாற்றியமைத்தபோது அந்த வசதிகள் திறந்துகொண்டன. வன்பொருளுக்கு அவற்றைச் செய்யும் ஆற்றல் முதலிலிருந்தே இருந்தது, 10டி விற்க வேண்டும் என்பதற்காகப் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அதே போக்கு இன்றும் தொடர்கிறது. கைப்பேசிகளில் மிக மலிவானதும் தொடுதிரையோடு வரும் காலத்தில் ஆர்100-இன் திரை தொடுதிரை அல்ல. 2018இல் வந்த 4000டி-இல் லென்ஸ் பொருந்தும் வளையமே பிளாஸ்டிக். தனியாக ஒரு மின்விசை கூட இல்லாமல், தெரிவுச் சக்கரத்தைச் சுழற்றியே அதை அணைக்க வேண்டியிருந்தது. இவற்றால் மிச்சமாகும் காசு சிறியது. அடுத்த படியிலுள்ள கேமராவை நோக்கி வாங்குபவரைத் தள்ளும் விசைதான் பெரியது. ஆகவே ஒரு கேமராவில் ஒரு வசதி இல்லை என்று தெரியும்போது, அதைத் தர இயலவில்லையா, தர மனமில்லையா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

வசதிகள் எப்போதும் மேலிருந்தே கீழே இறங்குகின்றன என்பதும் முழு உண்மையன்று. டிஎஸ்எல்ஆரில் வீடியோ முதலில் வந்தது 2008இல் நிக்கான் டி90 என்ற இடைநிலைக் கேமராவில். கை நடுக்கத்தைச் சமன்செய்ய உடலுக்குள்ளேயே சென்சாரை அசைக்கும் உத்தியைக் கோனிக்கா மினோல்டா 2004இலேயே தன் டிஎஸ்எல்ஆரில் கொண்டுவந்துவிட்டது; கேனானின் கேமராக்கள் அதைப் பெற 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொழில்முறையாளர்கள் பழகிய கருவியில் மாற்றத்தை எளிதில் விரும்புவதில்லை. புதியதைச் சோதித்துப் பார்க்க நடுப்படிதான் நிறுவனங்களுக்குத் தோதானது. இடைநிலையின் சுவாரசியமே இதுதான். இரண்டு சக்கரங்கள், இரண்டு கார்டு இடங்கள், ஓரளவு மழைக்காப்பு, நொடியில் எட்டாயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் என்று தொழிலுக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி அங்கே கிடைத்துவிடுகிறது. உலகில் திருமணம், உருவப்படம், விளம்பரம் ஆகியவற்றை எடுத்துப் பிழைப்போரில் பெரும்பாலோர் உச்சிக் கேமராவை வைத்திருப்பதில்லை. விளையாட்டும் செய்தியும் காட்டுயிரும் எடுப்போருக்குத்தான் அது இன்றியமையாதது.

லென்ஸைச் சேர்க்காமல் இந்தக் கணக்கு முடியாது. தொடக்கநிலைக் கேமராவோடு வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸ், நீள முனையில் எஃப்/5.6 வரைதான் திறக்கும் (இந்த எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்), எஃப்/2.8 ஸூம் லென்ஸ் அதே இடத்தில் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. சென்சார் அளவு மாறுவதால் கிடைக்கும் 2.3 மடங்கோடு இதை ஒப்பிட்டால், பணத்தை முதலில் எதில் போடுவது என்பதற்கு விடை கிடைத்துவிடும். இங்கும் ஒரு கண்ணி உண்டு. 2006இல் வந்த நிக்கான் டி40 தொடங்கி அதன் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களில், உடலுக்குள் இருந்த ஃபோகஸ் மோட்டார் நீக்கப்பட்டது. அதனால் தமக்கென மோட்டார் இல்லாத பழைய நிக்கான் லென்ஸ்கள் அவற்றில் கையால் ஃபோகஸ் செய்தால்தான் இயங்கும். மலிவாகக் கிடைத்த பழைய லென்ஸை வாங்கியபின் இதை அறிந்தவர்கள் பலர்.

புதிய தொடக்கநிலைக் கேமராவா, பழைய தொழில்முறைக் கேமராவா என்று தயங்குபவர்களுக்கு நிக்கானின் டி3, டி3500 என்ற இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது உதவும். 2007இல் வந்த டி3-இல் 12 மெகாபிக்சல். 2018இல் வந்த டி3500-இல் 24. குறைந்த ஐஎஸ்ஓவில் எடுத்த படத்தின் இருண்ட பகுதிகளை மென்பொருளில் தூக்கிப் பார்த்தால் புதியதே முந்தும், அதுவும் சிறிய சென்சாரை வைத்துக்கொண்டு. ஆனால் நொடிக்கு 9 படங்கள், 51 ஃபோகஸ் புள்ளிகள், இரண்டு கார்டு இடங்கள், பழைய லென்ஸ்களையும் இயக்கும் மோட்டார் என்று வேலைக்கு வேண்டிய எல்லாவற்றிலும் பழையது இன்றும் முன்னே நிற்கிறது. சென்சார்கள் ஆண்டுக்காண்டு மூப்படைகின்றன. சக்கரங்களும் பொத்தான்களும் அவ்வளவு விரைவில் மூப்படைவதில்லை. டி3 பேட்டரி இல்லாமலே 1,240 கிராம் எடை என்பதையும், அதன் ஷட்டர் 3 லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது என்பதையும் மனத்தில் வைத்து, விற்பவரிடம் இதுவரை எத்தனை முறை அது இயங்கியிருக்கிறது என்ற எண்ணைக் கேட்டு வாங்கிவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.